மாஸ்டருக்குப் பிடிக்காத உறுமல்

போன மாதம் நான்கு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சேலத்துப் பிள்ளைகள். சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் வாசிக்கிறவர்கள். தங்கள் சிறு பத்திரிகைக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்றார்கள். என்ன கம்பி போட்டீர்கள், என்ன ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர்களில் ஒருவர் சொன்னார்: "ஏனுங்க சார், பழைய கேசட்டுல கேக்கறப்ப உங்க குரூப்பு சவுண்டு அவ்வளவு சுத்தமா இருக்குதுங்க. ஒரு எரைச்சல் இல்ல. அது எப்படிங்க பண்ணுனீங்க?"

அதைத்தான் எழுதப் போகிறேன். முதலில் அவர்கள் கேட்ட சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மலையில் கிட்டார் கம்பி மூன்று வாரம் தாங்காது. மஞ்சு மூட்டம் இறங்கினால் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் துருவேறிவிடும். எழுபதுகளில் புதுக் கம்பி பம்பாயிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் பழைய கம்பிகளைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, துணியால் துடைத்து, வெயிலில் உலர்த்தி மறுபடி மாட்டுவோம். ஒரு வாரம் புதுசு போலக் கணீரென்று கேட்கும். அந்தப் பாத்திரத்தை என் மனைவி சமையலுக்குத் தொடமாட்டாள். கம்பியை மீட்டுகிற பிக் வாங்கக் கிடைக்காது. சோப்பு டப்பா மூடியை நகம் அளவுக்கு வெட்டித் தரையில் தேய்த்து எடுப்பேன். இன்று கடையில் விற்பவை எதுவும் அதைவிட உசத்தி என்று நான் நினைக்கவில்லை. தோள் பெல்ட் மட்டும் அகலமாக வாங்குங்கள். நான் ஒல்லியான பெல்ட்டில் இருபது வருடம் வாசித்தேன். இப்போது சட்டை மாட்ட இடது கையைத் தூக்க முடியவில்லை. காலால் மிதித்து விதவிதமாகச் சத்தம் மாற்றும் பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு சுரத்தைச் சேர்த்து மீட்டத் தெரிந்தால் அவை வேண்டாம். தெரியாவிட்டால் அவற்றால் பயனில்லை.

காப்பி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் பறிக்கிறவர்கள் குடிப்பதுதான் இருப்பதிலேயே மட்டமான காப்பி. என் அப்பாவும் அம்மாவும் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். நல்ல கொட்டையின் ருசி என்ன என்பது எனக்கு ஹோட்டலில் வாசிக்கப் போன பிறகுதான் தெரிந்தது.

நான் படித்த பள்ளியில் ஒரு பாதிரியார் வைத்திருந்த கிட்டாரில் மூன்று வருடம் பழகினேன். பத்தாவது முடித்துவிட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்கு உதவியாக இருந்தேன். இருபத்திரண்டாவது வயதில் ஆல்பர்ட் மாஸ்டரின் இசைக்குழுவில் இரண்டாம் கிட்டாராகச் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பற்றி அப்படி இரண்டு வரியில் முடிக்க முடியாது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். எங்களையெல்லாம் கண்ணு என்பார். கூடவே ங்க போட்டும் பேசுவார். யாராவது தப்பாக வாசித்தால் அந்த ஆள் பக்கம் திரும்பக்கூடமாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைப்பார். அவர் கை கண்ணாடிக்குப் போனாலே எங்கள் வாசிப்பு தடுமாறும். திட்டியிருந்தால் தேவலை. துடைத்து மாட்டிக்கொண்டு, "மறுபடி ஒருக்கா பாத்துக்கலாமுங்க கண்ணு" என்பார். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அன்று இரவு எவனுக்கும் தூக்கம் வராது.

அவருக்கு இருந்த காது வேறு யாருக்கும் இல்லை. அதை இன்றும் நான் மறுக்கமாட்டேன். பத்துப் பேர் வாசிக்கும்போது ஒரே ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தாலும் அவருக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் வெள்ளையன். தலைச்சோலைக்காரன். ராகியும் காப்பியும் மிளகும் போட்டிருந்த விவசாயக் குடும்பம். அவன் யாரிடமும் படிக்கவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு நாங்கள் வாசிக்கப் போயிருந்தபோது இடைவேளையில் பேஸ் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் வாசித்து முடித்த பாட்டின் கீழ்ச் சுரங்களை அப்படியே தட்டிக் காட்டினான். மாஸ்டர் அங்கேயே அவனைச் சேர்த்துக்கொண்டார். நீளமான விரல்கள். வாசிக்கும்போதே பின்பாட்டும் பாடுவான். மைக்கில் உதடு படப் பாடுவது அவன் வழக்கம். என் வயதுதான் அவனுக்கும். என்னை "ஏப்பா கொழந்த" என்று கூப்பிடுவான். என் முழுப் பெயர் குழந்தைவேல் என்று பலருக்குத் தெரியவே தெரியாது. எல்லாருக்கும் அவன் வைத்த பெயர்தான்.

சீசன் முழுவதும் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலின் புல்வெளியில் வாசிப்போம். பெயர் வேண்டாம், இன்று அந்தப் பெயரில் அது இல்லை. மதியம் மூன்றரைக்குத் தொடங்கி ஆறு வரைக்கும். விருந்தாளிகள் தேநீர் குடிப்பார்கள். நாங்கள் பின்னால் சத்தம் கொடுப்போம். எந்தப் பாட்டாவது அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் அதை அடுத்த நாள் வாசிக்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட கட்டளை.

ஒவ்வொரு நாளும் வாசிப்பதற்கு முன்னால் ஓர் ஒழுங்கு உண்டு. ஆம்ப்ளிஃபயர்களைப் போட்டுப் பத்து நிமிடம் சூடாக விடவேண்டும். கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். மாஸ்டரின் ஊதுகுழலை வைத்துச் சுருதி சேர்க்கவேண்டும். முதலில் பேஸ், பிறகு நான், கடைசியில் முதல் கிட்டார் வாசித்த மாஸ்டர். அதற்கப்புறம் என்னுடைய வேலை ஒன்று இருந்தது. இடது கையால் பேஸ் கிட்டாரின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, வலது புறங்கையால் ஒவ்வொரு மைக்கையும் தொட்டுப் பார்க்கவேண்டும். மின்சாரம் கசிந்தால் சுருக்கென்று தெரியும். ஏன் புறங்கை என்றால், ஷாக் அடிக்கும்போது விரல்கள் மடங்கும். உள்ளங்கையால் தொட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும், விடாது. புறங்கையால் தொட்டால் கை தானாக விலகிவிடும். இதை எனக்குச் சொல்லித்தந்தது மாஸ்டர்தான். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பேஸ் ஆம்ப்ளிஃபயர் ஒரு ரேடியோ மெக்கானிக் செய்து கொடுத்தது. இரும்புப் பெட்டி, நல்ல கனம். மூன்று முள் பிளக். நான் குழுவில் சேர்ந்து மூன்று வருடம் கழித்து சீசன் தொடங்கியபோது அதில் ஓர் உறுமல் கேட்க ஆரம்பித்தது. ம்ம்ம் என்று தாழ்ந்த சத்தம். எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. விருந்தாளிகளுக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தப் பிளக்கத் தொறங்க. பெரிய முள்ளுல ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதைக் கழட்டிருங்க."

"அது எர்த் ஒயருங்களே மாஸ்டர்."

"அதுலதானுங்க எரைச்சல் வருது. கழட்டிப் பாருங்க."

கழற்றினேன். திருகாணியைச் சுழற்றியது என் கைதான். உறுமல் போய்விட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்பத்தானுங்க சங்கீதம்" என்றார். பெட்டிக்குள் மின்சாரம் கசிந்தால், கிட்டார் கம்பி வரைக்கும் ஏறாமல் அது மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் பச்சை ஒயர். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. என் புறங்கைக்கும் எதுவும் படவில்லை. வெயில் காலம், எல்லாம் காய்ந்து கிடந்தது. பிறகு ஒரு மதியம் கோடை மழை கொட்டித் தீர்த்துவிட்டு மூன்று மணிக்கு நின்றது. மேடைப் பலகை ஊறியிருந்தது. துடைத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டினோம். நான் வழக்கம்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையனின் மைக்கைப் புறங்கையால் தொட்டேன்.

ஊசியால் குத்தியது போல் இல்லை. யாரோ கட்டையால் முழங்கையில் அடித்தது போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டு நேராக மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், ஷாக் அடிக்குதுங்க. நொம்ப பலமா இருக்குதுங்க. அந்த ஒயரை மாட்டிரலாமுங்களா?"

அவர் புல்வெளியைப் பார்த்தார். விருந்தாளிகள் உட்கார்ந்தாயிற்று. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரத்துக்கு அப்படித்தானுங்க கண்ணு இருக்கும். அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும். போயி நில்லுங்க."

நான் போய் நின்றேன். நான்கடி தூரத்தில் வெள்ளையன் தன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக்கில் வாயை வைக்காதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. மாஸ்டர் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அவர் கை கண்ணாடிக்குப் போய்விடுமோ என்ற பயம். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளைக்கு அப்படி ஒரு பயம்.

முதல் பாட்டின் பல்லவியில் பின்பாட்டு கிடையாது. சரணத்தில்தான் அவன் பாடவேண்டும். அதுவரை நான் என்ன வாசித்தேன் என்று எனக்கு நினைவில்லை. சரணம் வந்தது. அவன் குனிந்தான்.

சத்தமே வரவில்லை. வாய் மைக்கோடு ஒட்டிக்கொண்டது. இடது கை கம்பிகளோடு கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இறுகிவிட்டது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. கண்கள் மேலே செருகின. மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தான். விழுந்த பிறகும் உதறல் நிற்கவில்லை. பார்த்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண்மணி "வலிப்பு! சாவி குடுங்க, இரும்பு குடுங்க!" என்று கத்தினார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதுவரைக்கும் அவன் இடது கை விரல்கள் கம்பியில் வெந்துகொண்டிருந்தன.

உயிர் பிழைத்தான். சேலத்துக்குக் காரில் கொண்டுபோனார்கள். நானும் ஏறப் போனேன். மாஸ்டர் என் தோளில் கை வைத்தார்.

"நீங்க இருங்க கண்ணு. அந்த ஒயரை மறுபடி மாட்டிருங்க."

மாட்டினேன். திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஐந்தடி தள்ளி மாஸ்டர் மேனேஜரிடம் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "அவருக்கு வலிப்பு உண்டுங்க. குடும்பத்துலயே உண்டு. வலிப்பு வந்து ஒயரப் புடிச்சுட்டாருங்க." மேனேஜர் ஒரு பெரிய மூச்சு விட்டார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஏற்காடு முழுக்க அதுதான் பேச்சு. உடம்பு உதறியதை ஐம்பது பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள், யார் மறுப்பது?

அடுத்த வாரம் மாஸ்டர் தன்னுடைய வெளிநாட்டு கிட்டாரை என்னிடம் கொடுத்தார். தான் இனிமேல் கீபோர்டைப் பார்த்துக்கொள்வதாகவும், முதல் கிட்டார் நான்தான் என்றும் சொன்னார். எதற்காகக் கொடுக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் கேட்ட பழைய கேசட்டில் ஒலிப்பது அந்தக் கிட்டார்தான்.

வெள்ளையனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கியபடியே நின்றுவிட்டன. இனி வாசிக்க முடியாது என்று தெரிந்ததும் தலைச்சோலைக்குப் போய்விட்டான்.

அவனுக்கு மாரமங்கலத்தில் பெண் பேசி வைத்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம் என்று இருந்தது. ஆனி மாதம் ஒரு காலை அந்தப் பெண்ணின் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸைப் பிடித்து, மீதி தூரம் நடந்து வந்திருந்தார். காலில் சேறு. உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"ஏனுங்க, நீங்க அந்தப் பையன்கூடவே இருந்தவருங்கன்னு சொன்னாங்க. ஊரெல்லாம் ஒண்ணு பேசுதுங்க. எம் பொண்ணு அழுதுக்கிட்டுக் கெடக்குது. அதெல்லாம் பொய்யின்னு அது சொல்லுது. அவருக்கு வலிப்பு இருக்குதுங்களா, இல்லீங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் அதை நம்பிட்டுப் போறனுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்ற பதிலைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் எப்படி ஆச்சு என்று கேட்பார். பிளக், பச்சை ஒயர், மாஸ்டர், நான் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"எனக்குச் சரியாத் தெரியாதுங்க" என்றேன்.

"கூடவே இருந்தவருக்கே தெரியாதுன்னா..." என்று தொடங்கி, முடிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாஸ்டர் சொன்ன பொய்யாவது ஹோட்டலையும் எங்கள் பத்துப் பேரின் பிழைப்பையும் காப்பாற்றியது. நான் சொன்னது யாரையும் காப்பாற்றவில்லை. கல்யாணம் நின்றுபோயிற்று. பிறகு அவனுக்கு எந்த ஊரிலிருந்தும் பெண் கொடுக்கவில்லை.

அதன் பிறகு பதினாறு வருடம் மாஸ்டரோடு வாசித்தேன். தலைச்சோலைப் பக்கம் கச்சேரி வந்தால் காய்ச்சல் என்பேன். ஒருமுறை சந்தையில் வெள்ளையன் மிளகு மூட்டையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, எதிர்ச்சாரிக் கடையில் வேண்டாத குடையைக் கையில் எடுத்து விரித்துக்கொண்டு நின்றேன். அவன் போகிற வரைக்கும் விரித்த குடைக்குப் பின்னாலேயே நின்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாஸ்டர் புதுக் கீபோர்டு வாங்கினார். தாளம், பேஸ், கிட்டார் எல்லாம் அதிலேயே வந்தன. உறுமல் கிடையாது, சுருதி இறங்காது. ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும், "இனிமே இது ஒண்ணே போதுங்க கண்ணு. நீங்க நொம்ப நாள் ஒழைச்சுட்டீங்க" என்றார். அதே குரல். எனக்குக் கோபம் வந்தது; அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. இந்த மனிதரின் கண்ணாடிக்கா இத்தனை வருடம் பயந்தேன்?

அந்த வாரமே தலைச்சோலைக்கு பஸ் ஏறினேன்.

வெள்ளையன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தான். மடங்கிய விரல்களைக் கொக்கி போலக் கொடியில் மாட்டிக்கொண்டு வலது கையால் பறித்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"வாங்க. ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?"

வாங்க. ஏப்பா கொழந்த என்று கூப்பிட்ட வாய். அந்த மரியாதையிலேயே நான் பாதி செத்துவிட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயரைக் கழற்றியது நான் என்றேன். மாட்டியதும் நான் என்றேன். பெண்ணின் அப்பாவுக்குச் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"ஒயரக் கழட்டறப்ப நான் பக்கத்துலதான இருந்தனுங்க" என்றான். "அது எதுக்குன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. எங்க ஊட்டுக்குக் கரண்டு இழுக்க வந்த ஒயர்மேன் சொல்லித்தான் வெளங்குச்சு."

"அன்னைக்கு மைக்கைத் தொட்டப்பவே எனக்கு ஷாக் அடிச்சுது வெள்ளையா."

"அதையுந்தான் பாத்தனுங்க. கைய ஒதறிக்கிட்டு மாஸ்டருகிட்டப் போனீங்க. என்னமோ பேசுனீங்க. திரும்பி வந்து என்னைய ஒரு பார்வை பாத்தீங்க. ஒண்ணுஞ் சொல்லல." மடியில் இருந்த மிளகைச் சாக்கில் கொட்டினான். "சரி, நீங்க சொல்லலைன்னா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்? அப்படி நெனச்சுக்கிட்டுத்தானுங்க பாடப் போனேன்."

மாரமங்கலத்துக்கு இப்போதே வருகிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

அவன் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அவங்கப்பா போயிட்டாருங்க. அந்தப் புள்ள கட்டுன எடத்துல மூணு கொழந்தையோட நல்லா இருக்குது. எனக்கு வலிப்பு இல்லைன்னு இப்பப் போயிச் சொன்னா அது என்னங்க பண்ணும்? நல்லா இருக்கறதையும் கெடுக்கோணுங்களா?"

சாக்கின் வாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"நாலு மணி பஸ்ஸ விட்டீங்கன்னா அடுத்தது ஆறுக்குத்தானுங்க வரும்" என்றான். மறுபடி ஏணியில் ஏறினான்.

நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஒயரைச் சொன்னேன், ஷாக்கைச் சொன்னேன், மாஸ்டரைச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு என்று மட்டும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கலாம். கால் மணி நேரம் நடந்தால் அந்த மரத்தடிக்குப் போயிருக்கலாம்.

கண்டக்டர் வந்தார். ஏற்காடு ஒன்று என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.